தோணுது மாமா

புதிதாகப் பயிற்சி முடித்து வந்தவனை ஒரு மாதமாவது வீட்டுக்குள் விடக்கூடாது. பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வதற்காக என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றது மனிதநேய உளவியல். வந்தவருக்கு அறிவுரை சொல்லாதே, காது கொடுத்துக் கேள், அவர் மனதில் இருப்பதை அவருக்கே திருப்பிச் சொல், முடிவை அவரே எடுப்பார். அருமையான விஷயம்தான். (கோளாறு அதில் இல்லை, என் மண்டையில்.) வில்பட்டி வீட்டில் அம்மா, "கொழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால்கூட, "உப்பைப் பத்தி ஒனக்குக் கவலையா இருக்கும்மா" என்று தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் கேட்டுப் பள்ளங்கியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஆரோக்கியம், கேரட் விவசாயி. இருவரும் ஆசைப்பட்டவர்கள். அவன் வீட்டார்தான் அரை மனதோடு வந்திருந்தார்கள். எங்களுக்கு அப்பா இல்லை. பெண் சபையில் வாய் திறப்பதும் எங்கள் வழக்கமில்லை. அண்ணன் "சம்மதம்" என்றால்தான் தட்டு மாற்றுவார்கள். "அண்ணே, நீ அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிரு, போதும்" என்று முதல் நாளே ஸ்டெல்லா கெஞ்சியிருந்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஆரம்பித்தார். "பொண்ணோட அண்ணன் என்ன சொல்றீங்க தம்பி?"

நான் சம்மதம் சொன்னால் அவளுடைய முடிவை நான் பறித்ததாகிவிடாதா? (ஞானி யோசிக்கிறாராம்!) முன்னால் சாய்ந்து, கனிவாகச் சொன்னேன்: "என் கருத்து என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணுது."

"ஆமா, அதத்தான கேக்குறேன்?"

"கேட்டும் பதில் வரலையேன்னு எரிச்சலா இருக்கு உங்களுக்கு."

"என்ன தம்பி, நக்கலா?"

"நான் நக்கல் பண்றதா உங்களுக்குத் தோணுது."

"ஏலே, சம்மதம்னு வெரசா சொல்லித் தொலையேன்லே!" அம்மா பதறினாள்.

நான் விடுவேனா? "இது ஸ்டெல்லாவோட வாழ்க்கை. அவளே வந்து சொல்லட்டும்" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்றவள் அத்தனை பேர் முன்னால் எப்படி வருவாள்? அழுகைச் சத்தம்தான் வந்தது.

"பொண்ணுக்கு இஷ்டமில்ல. அண்ணன்காரன் சுத்தி வளைச்சுச் சொல்றாரு. எந்திரிங்கப்பா" என்று பெரியப்பா தட்டைத் தூக்கிக்கொண்டார்.

ஜீப் கிளம்பிய பிறகுதான் எனக்குச் "சம்மதம்" வாயில் வந்தது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மறுநாள் பள்ளங்கிக்கே போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டும் பார்த்தேன். அவர்கள் மனம் இறங்கவில்லை. பாவி நான், ஒரு வார்த்தைதானே!

ஸ்டெல்லா இப்போது வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல்லில் இருக்கிறாள். வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அவள் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதே "தோணுது மாமா" என்றுதான். போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வந்திருந்தபோது, சாப்பாட்டுக்கு நடுவே எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் செஞ்சதுல ஒனக்கு இன்னும் வருத்தம் இருக்காம்மா?"

"எனக்கு வருத்தம் இருக்குமோன்னு ஒனக்குத் தோணுதுண்ணே" என்றாள்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.