காருக்கு நாடி பார்த்தவர்

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் காலி இடத்தில் காலை ஆறு மணிக்கே முப்பது கார்கள். இன்ஜினுக்கு நாடி பார்க்கும் மகான் வந்திருக்கிறாராம்! கழற்ற மாட்டார், திறக்கவும் மாட்டார். அணைத்த வண்டியின் பானெட்டில் கை வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே எந்தப் பாகம் அழுகிறது என்று சொல்வார். பிறகு மேலே இரண்டு சொட்டு எண்ணெய். இரும்பு குணமாகிவிடும். (மகானின் சொந்தக் கார் மட்டும் மாதாமாதம் பட்டறைக்குப் போகும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.)

அந்த வரிசையில் இருந்த ஒரு டாக்சிக்காரர் போன மாதமும் இங்கே நின்றவர்தான். அவருடைய அக்கா கார் மெக்கானிக். "டைமிங் பெல்ட் வெடிப்பு விட்டிருக்குடா, உடனே மாத்து" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மகானோ, "பெல்ட் பாறை மாதிரி இருக்கு" என்றார். தம்பிக்கு மகான் சொன்னதுதான் இனித்தது.

மூன்றே வாரத்தில் பாறை அறுந்தது. அதுவும் நெடுஞ்சாலையில், சிறுநீரக நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது. வண்டி நடுரோட்டில் நின்றுவிட, பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. நோயாளி திட்டவில்லை. "பரவாயில்லப்பா" என்றார். அதுதான் டாக்சிக்காரரைத் தூங்கவிடவில்லை.

அக்கா இன்ஜினைக் கழற்றி இறக்கினாள். பெல்ட் அறுந்ததில் உள்ளே வால்வுகள் வளைந்து கிடந்தன.

"அக்கா, அந்த ஆளை மறுபடி பார்க்கணும்."

"இன்னும் புத்தி வரலையா?"

"வந்ததாலதான். வண்டியை இப்படியே இழுத்துட்டுப் போவோம்."

இன்ஜின் இல்லாமல் மூக்கைத் தூக்கி நின்ற காரின் பானெட்டுக்குள், எடை சரியாக, அக்கா நாலு மணல் மூட்டைகளை வைத்தாள். கயிறு கட்டி இழுத்து, இன்று வரிசையில் நிறுத்தினார்கள்.

மகான் கை வைத்தார். உடம்பு சிலிர்த்தது.

"ஐயோ! மூணாவது பிஸ்டன் தேம்பித் தேம்பி அழுவுது!"

"மத்த மூணும் சாமி?"

"சிரிக்குது. ரெண்டு சொட்டு போதும்."

டாக்சிக்காரர் பானெட்டைத் தூக்கினார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இந்த மூட்டையில எது சாமி பிஸ்டன்?"

மகான் அசரவில்லை. "கழட்டின இன்ஜினோட ஆவி இங்கதான் சுத்துது!"

இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்!

"அப்போ ஆவிங்க ஓட்டுற வண்டியை நீங்க பாருங்க" என்றாள் அக்கா. "மனுஷங்க ஏறுறதை எங்ககிட்ட விடுங்க."

சிரிப்பு வெடித்தது. அந்தச் சந்தடியில் மகான் நழுவினார். வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் முனகினார்: "என் வண்டிக்கு நல்லபடியாத்தானே சொன்னாரு?"

"எனக்கும் அப்படித்தாங்க சொன்னாரு" என்றார் டாக்சிக்காரர். "உங்க வண்டியில யாரு ஏறுவாங்க?"

"பேத்தி..."

பெரியவர் தானே பானெட்டைத் திறந்தார்.

இரும்புக்கு யோசிக்கத் தெரியாது, மன்னிக்கலாம். ஓட்டுகிறவர்களுக்கு என்ன கேடு?