உமாராணி சீரியஸ்

"எட்டாம் பாகம் என்னாச்சு விமலு? உமாராணி மலையை விட்டு எறங்கிட்டாளா?" கோழியை வெட்டியபடியே கேட்டார் பொன்னுச்சாமி.

விமல் சிடி உறையை எடுத்துத் தலையணைக்கடியில் தள்ளினான்.

துபாயில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் அந்த அறையின் எட்டுப் பேருக்கும் சமையல் பொன்னுச்சாமிதான். ஜப்பான் கார்ட்டூன் சிடியை ஓடவிட்டு, கீழே வரும் ஆங்கிலத்தைப் படித்து, வெள்ளிக்கிழமைதோறும் தமிழில் கதை சொல்வது விமலின் வேலை. கதாநாயகி யூகியின் பெயர் யார் மனதிலும் தங்காததால் அவளுக்கு உமாராணி என்று பெயர் வைத்திருந்தான். லீவு கிடைக்காமல் நாலு வருஷமாக ஊரைப் பார்க்காத பொன்னுச்சாமி, அவளைத் தன் மகளாகவே வரித்துக்கொண்டுவிட்டார்.

எட்டாம் பாகத்தில் அவள் செத்துப்போகிறாள். நன்றாகப் போகும் கதை திடீரென்று இருண்டு பார்க்கிறவனைக் குப்புறத் தள்ளும் கட்டத்துக்கு, ஜப்பான் ரசிகர்கள் 'உத்சு தென்காய்' என்று பெயர் வைத்திருப்பதை விமல் இணையத்தில் படித்திருந்தான். பெயர் தெரிந்து என்ன பிரயோஜனம்? பொன்னுச்சாமி மனசு உடைந்தால் அடுப்பு எரியாது. போன தடவை லீவு இல்லை என்று சொன்னபோது, அறை முழுக்க மூன்று நாள் வெறும் குப்பூஸ் ரொட்டிதான்.

"உமாராணி கொஞ்சம் சீரியஸ்ணே," என்றான் பக்குவமாக.

கத்தி கீழே விழுந்தது. ஊரிலிருந்து 'சீரியஸ்' என்று போன் வந்தால் என்ன அர்த்தம் என்பது வளைகுடாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. ஆஸ்பத்திரியில நல்லா பாத்துக்கிறாங்க."

"எங்கப்பாரு செத்தப்பவும் இதைத்தான்டா சொன்னாங்க."

"ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிருவாங்கண்ணே."

"பாடியவா?"

பொன்னுச்சாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து அறைக்காரர்கள் வரிசையாக வந்து அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கோழி பாதியில் கிடந்தது.

கூட்டத்தைப் பார்த்துக் கேம்ப் பாஸ் மக்தூம் உள்ளே வந்தார்.

"யாருப்பா மவுத்து?"

"உமாராணிங்க," என்றார் பொன்னுச்சாமி.

"ஒன் மவளா?"

அழுதுகொண்டே தலையாட்டினார்.

கம்பெனியில் சாவுக்கு மட்டும்தான் அவசர லீவு. மக்தூம் அங்கேயே லீவு பாரத்தை நிரப்பினார். பொன்னுச்சாமி அழுகையை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பாஸ்போர்ட் வந்தது, சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் வந்தது. இரண்டு மாத லீவு.

மூன்று நாள் குப்பூஸுக்குப் பயந்தவன் இரண்டு மாதக் குப்பூஸைத் தேடிக்கொண்டான். அதுகூடப் போகட்டும். விஷயம் வெளியே வந்தால் பொன்னுச்சாமிக்கு வேலையே போய்விடும். விமல் உடனே ஆபீசுக்கு ஓடினான்.

"பாய், தப்பு என்னோடது. உமாராணின்னு ஒரு ஆளே கெடையாது. அது கார்ட்டூன்."

மக்தூம் நிமிராமல் லீவு பாரத்தின் நகலில் முத்திரை குத்தினார்.

"எங்க வீட்டுல அவ பேரு யூகி. அவ செத்தப்ப எம் மவ சப்ரீனா ரெண்டு நாளு சோறு திங்கல," என்றார். "பதிமூணாம் பாகத்துல அந்தப் புள்ள பொழச்சு வந்துரும். பொன்னுச்சாமி ஃப்ளைட் ஏறுற வரைக்கும் அதை மட்டும் சொல்லித் தொலைச்சிராத."