ஒப்பீட்டுக் குடும்பம் தேவை

குழந்தை பெற்றுக்கொள்வதற்கு இந்த நாட்டில் எந்தப் படிவமும் கிடையாது. தகுதி, அனுபவம், முன் அனுமதி எதுவும் வேண்டாம். நானும் அப்படித்தான் இரண்டு பெற்றேன். அது குறித்து இன்றுவரை எந்த அலுவலரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. ஆனால் யாரோ பெற்ற குழந்தையைக் கூட்டிவந்து வளர்க்க வேண்டுமென்றால் பதினான்கு படிவங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதால் எனக்கு எண்ணிக்கை தெரியும். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் வெங்கடப்பன்.

கடைக்கு எதிர்வீட்டில் மைக்கேல்ராஜும் அன்னமேரியும் இருக்கிறார்கள். இருவருக்கும் வெவ்வேறு கம்பெனி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. போன கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சிலிருந்து குழந்தைகள் இல்லத்துக்குக் கேக் கொண்டுபோனபோது, எஸ்லின் என்ற ஏழு வயசுப் பெண் அன்னமேரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா எங்கே என்பது கோப்பிலும் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இவர்கள் அங்கே போனார்கள்.

ஒரு நாள் அவள் கேட்டாளாம், "உங்க தெருவுல வெளையாட யார் யார் இருக்காங்க?" அன்னமேரி பதினொரு பிள்ளைகளின் பெயரையும் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு ஸ்டெபின், லியோ, என் மகன் கோபி என்று ஆரம்பித்துப் பதினொன்றையும் எஸ்லின் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். இதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அன்னமேரி முதல் படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

குழந்தை வந்தால் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டுமே என்று இருவரும் மேனேஜர் காலைப் பிடித்து ஷிஃப்டை மாற்றிக்கொண்டார்கள். அவளுக்குக் காலை ஷிஃப்ட், அவனுக்கு மதிய ஷிஃப்ட். அவள் வண்டி வாசலில் நுழையும்போது அவன் வண்டி வெளியேறும். சாவி கைமாறும் அந்த அரை நிமிஷம்தான் தாம்பத்தியம்.

ஆய்வு அலுவலர் சென்னகிருஷ்ணன் பேரிகைப் பக்கத்துக்காரர். யார் வீட்டிலும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத நேர்மையாளர். அது எங்கள் துரதிர்ஷ்டம். முதல் தடவை காலை பதினோரு மணிக்கு வந்தார்.

"தாய் எங்கே?" என்று மைக்கேல்ராஜிடம் கேட்டார்.

"ஷிஃப்டுக்குப் போயிருக்குது சார்."

இரண்டாம் தடவை மாலை ஐந்துக்கு வந்தார்.

"தந்தை எங்கே?" என்று அன்னமேரியிடம் கேட்டார்.

"ஷிஃப்டுக்குப் போயிருக்காரு சார்."

அறிக்கை இப்படி வந்தது: "மேற்படி முகவரியில் தனியாக வசிக்கும் ஆண் ஒருவரும், தனியாக வசிக்கும் பெண் ஒருவரும் வெவ்வேறு தேதிகளில் காணப்பட்டனர். இவர்கள் தம்பதியர் என்பதற்குக் கள ஆதாரம் இல்லை."

கல்யாண ஃபோட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நிலவரம் என்றார். சரியென்று இருவரும் ஒரு வாரத்துக்கு மட்டும் ஜெனரல் ஷிஃப்ட் வாங்கினார்கள். மூன்றாம் தடவை வந்தபோது வீடு பூட்டியிருந்தது. "பூட்டிய வீட்டில் குழந்தை வளர்வதற்கான வாய்ப்புகள் குறைவு" என்று எழுதினார். நான்காம் தடவைக்கு இருவரும் லீவு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு வந்தவர், "வேலை நாள்ல ரெண்டு பேரும் வீட்ல இருக்கீங்க. பொழப்புக்கு என்ன வழி?" என்றார். லீவு லெட்டரின் நகலை நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன். தெருவே வாசலில் நின்று சிரித்தது. எங்களுக்கு அது ஒரு சீரியல் மாதிரி.

அடுத்து குடும்பச் சூழல்.

"சண்ட வருமா?"

"வராதுங்க சார்," என்றான் மைக்கேல்ராஜ். "ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம். அதுலயும் சண்ட போட்டுக்கினு இருந்தா எப்படி?"

"ஒன்பது வருஷமா சண்டையே இல்லையா? இயல்பான குடும்பம்னா கொஞ்சமாச்சும் இருக்கணுமே." பேனா அங்கேயே நின்றது.

அன்னமேரி பயந்துபோனாள். குழம்பில் உப்பு என்று ஆரம்பித்து ஒரு சண்டையைப் போட்டுக் காட்டினாள். பழக்கமில்லாததால் பாதியிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவனுக்கும் கண் கலங்கியது. அலுவலர் எழுதிக்கொண்டார்: "சண்டை உண்டு. குழந்தைக்கு உகந்ததல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், சண்ட போட்டாலும் தப்பு, போடலன்னாலும் தப்பு. அப்ப குடும்பம்னா எப்படித்தான் இருக்கணும்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒன்பதாம் படிவத்தை எடுத்தார். தலைப்பு: ஒப்பீட்டுக் குடும்பம். அதே தெருவில் குழந்தை வளர்க்கும் தகுதியான குடும்பம் ஒன்றைக் கண்டறிந்து, விண்ணப்பதாரரை அதனோடு ஒப்பிட வேண்டும்.

"உங்க வீட்லருந்தே ஆரம்பிக்கலாம்," என்றார்.

என் வீட்டில் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டில் இல்லை. படிக்கும் மேசைமேல் கெட்டுப்போன பிரிண்டர். மகன் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டார். நாலாவது என்றேன். உள்ளேயிருந்து கோபி, "அஞ்சாவது" என்றான். பக்கத்து வீட்டு சரோஜம்மாளிடம், பிள்ளைகளோடு கடைசியாக எப்போது சிரித்துப் பேசினீர்கள் என்று கேட்டார். அவள் காலண்டரைப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் வீட்டில் மூன்று பிள்ளைகளும் மூன்று செல்போனில் இருந்தார்கள். நான்காவதில் அவர் இருந்தார். பிள்ளைகள் இருக்கிற ஏழு வீடும் முடிய ஒரு மணி நேரம்தான் ஆனது. ஏழும் தகுதியில்லை.

"ஒப்பிட ஒரு குடும்பம்கூட இல்லையே," என்றார் சென்னகிருஷ்ணன், உண்மையான வருத்தத்தோடு. "இன்னொண்ணும் இருக்குது. தகுதியில்லாத சூழல்ல குழந்தைங்க இருக்கறது என் பார்வைக்கு வந்துட்டா, இல்லத்துல சேக்கச் சொல்லிப் பரிந்துரை பண்ணணும். பதினொரு பேர்."

தெருவில் சிரிப்பு நின்றது.

"ஏமி சார் இது," என்றார் கிருஷ்ணப்பன். "நாங்க பெத்த பசங்க சார்."

"பெத்ததுக்கு இந்தப் படிவத்துல எடம் இல்லைங்க."

"படிவம் தப்பா இருக்கக் கூடாதா?"

"எப்படிங்க தப்பா இருக்கும்? அச்சடிச்சு வந்திருக்குது."

எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. "சார், தெருவுல கொழந்தைங்களே இல்லன்னா?"

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "இல்லன்னு தெருவாசிங்க எழுத்துமூலமா குடுத்தா, பரிந்துரைக்கு அவசியமே வராது."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் நானே அடித்தேன்: "இத்தெருவில் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எவரும் வசிக்கவில்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறோம்." முதல் கையெழுத்து என்னுடையது. ஏழு வீடும் வரிசையில் நின்று போட்டது. அதற்குள் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆட ஆரம்பித்திருந்தார்கள். பந்து வந்து அலுவலரின் வண்டியில் பட்டது. அவர் அதை எடுத்து லியோவிடம் போட்டுவிட்டு, எங்கள் உறுதிமொழியை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

மைக்கேல்ராஜும் அன்னமேரியும் தங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் குழந்தை இல்லையென்று உண்மையாகவே எழுதித் தரக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. "ஒப்பிடக் குடும்பம் ஏதும் இல்லாததால் விண்ணப்பதாரர்கள் மீது ஆட்சேபனை ஏதுமில்லை. எனினும், இணைப்பில் கண்டுள்ள தெருவாசிகளின் உறுதிமொழிப்படி மேற்படி தெருவில் குழந்தைகளே இல்லாததால், குழந்தை எஸ்லின் சம வயதினரின் துணையின்றி வளர நேரிடும். எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

தெருவில் எல்லோரும் கூடி அரசாங்கத்தைத் திட்டினோம். நன்றாகவே திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன்.

அன்னமேரி திட்டவில்லை. ஞாயிறு காலை இல்லத்துக்குக் கிளம்பும்போது உத்தரவை நகல் எடுக்கக் கடைக்குக் கொண்டுவந்தாள். எடுத்தேன். இணைப்பையும் எடுத்தேன். மூன்று தாளிலும் மேலே என் கையெழுத்து தெளிவாகவே விழுந்தது.

"பாப்பாகிட்ட என்னம்மா சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"போன வாரமும் பதினொரு பேரையும் சொன்னாண்ணா. ஒருத்தரும் கெடையாதுன்னு இன்னிக்குச் சொல்லணும்," என்றாள். "யார் பேர்லருந்து ஆரம்பிக்கட்டும்?"

வெளியே, எழுத்துமூலமாக இல்லாத என் மகன், தான் அவுட் இல்லையென்று கத்திக்கொண்டிருந்தான்.