ஃபயர்வால் பெட்டிக்கு லீவு விட்டேன்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், தேதி, கிழமையெல்லாம் மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பீங்கான் கம்பெனி ஆபீஸில் பதினோரு வருஷம் பெருக்கித் துடைத்த வேலையை, ஒரு பிளக்கைப் பிடுங்கித் தொலைத்தது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. மருமகளிடம் கை நீட்டாமல் நான் இருந்தது அந்த வேலையால்தான்.

எங்கள் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்வார்கள். ஆபீஸ் மூலையில் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி. வெளி ஆள் திருட்டுத்தனமாகக் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் காவல் காக்குமாம். யார் வந்தார், யார் போனார் என்று உள்ளே ஒரு டிஸ்க்கில் ஓயாமல் எழுதுமாம். (நான் மண் தூசியைத் துடைக்கிற மாதிரி, முடிவே கிடையாது.)

பழைய டிஸ்க் தேய்ந்துபோனதும், மாற்றுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ரமேஷ் தம்பி வந்தார். அவர் மேனேஜரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், இது நிக்காம எழுதுற பெட்டி. வூட்டு கம்ப்யூட்டர்ல போடற டிஸ்க்கு தாங்காது. திடீர்னு கரண்டு போனாலும் எழுதினதைக் காப்பாத்துற டிஸ்க்கா வாங்குங்க. எவ்ளோ தேஞ்சிருக்குன்னு மாசம் ஒருக்கா பாக்கணும்."

"டிஸ்க்குன்னா டிஸ்க்குதாம்பா," என்றார் மேனேஜர். "எம் பையன் லேப்டாப்புல இதான் ஓடுது. மாட்டு."

மாட்டினார். பிறகு ஒருவரும் அதை எட்டிப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. சூளை அணைந்தது, மண் அரைக்கிற மெஷின் நின்றது. எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கச் சொன்னார் மேனேஜர். அந்தப் பெட்டி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பூஜையன்று கருவி ஓடலாமா? ஐயோ பாவம், இதற்கு மட்டும் லீவு இல்லையா என்று பிளக்கைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!)

பூஜை முடிந்து பிளக்கைச் சொருகினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. நெட்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருமாம்; அதுவும் இல்லை, வந்த ஆர்டர் எதையும் பார்க்க முடியவில்லை. ஆபீஸே என்னைச் சுற்றி நின்றது.

"ஏம்மா, மூளை இருக்குதா? பொட்டு வெக்கச் சொன்னா உசுரையே எடுத்துட்டு வந்து நிக்கிற!" என்று கத்தினார் மேனேஜர்.

பஸ் பிடித்து வந்த ரமேஷ் தம்பி பெட்டியைப் பார்த்தார். "டிஸ்க்கு போயிடுச்சு சார். ஏற்கெனவே நல்லா தேஞ்சிருக்குது. நான் அன்னிக்கே..."

"இந்தம்மா புடுங்குச்சு, போச்சு. அவ்ளோதான்," என்றார் மேனேஜர். தம்பி பையை மூடினார்.

'அவர் படிச்சுப் படிச்சு சொன்னாருங்க, நீங்கதான் கேக்கல' என்று தொண்டை வரை வந்தது. நான்கு ஆம்பளைகள் பார்த்தால் எனக்கு என் பேரே வாயில் வராது. "தப்புதாங்க" என்றேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நல்ல டிஸ்க் மாட்டியிருக்கிறார்களாம். மாசம் ஒருமுறை அதற்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். பதினோரு வருஷம் குனிந்து பெருக்கினேன், என் முதுகு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மருமகள், "அத்தை, ஃபிரிட்ஜுக்கு லீவு வுட்டுடாதீங்க, மாவு புளிச்சிடும்" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், அவள் போடுகிற சோறாயிற்றே.

டிஸ்க் பற்றி நான் எழுதியது சரியா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கியது நான்தான். அதைப் பார்க்க வேண்டாம். என் கை படாமல் இருந்திருந்தால் அந்த டிஸ்க் இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? அதை மட்டும் பாருங்கள்.