கழிவு போக நூற்று நாற்பத்தாறு

எதையும் துருவித் துருவிக் கேட்பவன் நான். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். அப்படி விட்டதில் என் வயிற்று ஆபரேஷனே ஒருமுறை தள்ளிப்போனது.

அப்போது என் எடை நூற்று ஐம்பத்திரண்டு கிலோ. சர்க்கரை ஒருபக்கம். தூக்கத்தில் மூச்சு வேறு நின்று நின்று வரும். என் மனைவி செல்வி தூங்காமல் உட்கார்ந்து என்னை உலுக்கிக்கொண்டிருப்பாள். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் திருநெல்வேலி டாக்டர். வெட்டியதை என்ன செய்வீர்கள், தையல் பிரியாதா, அப்புறம் பசிக்குமா என்று நான் அடுக்கினேன்.

"ரெண்டு வாரம் நீராகாரம் மட்டும். அஞ்சு கிலோ குறைங்க. ஈரல் சுருங்கினாத்தான் நாங்க உள்ள போக வழி கிடைக்கும்" என்றார்.

பத்தாம் நாள் எடை பார்க்க ஆசை வந்தது. வீட்டு மெஷின் நூற்றிருபதோடு கையெடுத்துக் கும்பிட்டுவிடும். எனவே தென்காசி காய்கறி மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். எண் மண்டிக்கார அண்ணாச்சி பக்கம்தான் தெரியும். எட்டிப் பார்க்க என் தொப்பை விடாது.

"நூத்தி நாப்பத்தாறு" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் கேட்டதைவிட ஒரு கிலோ அதிகமாகவே குறைத்திருக்கிறேன். அந்த ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்று குற்றாலம் போனேன். (சாரலில் நனைந்து நிற்கும்போது நேந்திரங்காய் சிப்ஸைச் சூடாக அள்ளிக் கொட்டினால் முனிவரே திரும்பிப் பார்ப்பார்.) மூன்று நாள் போனேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரித் தராசு நூற்று ஐம்பத்தொன்று காட்டியது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஊர் வந்ததும் நேரே மண்டிக்குப் போய் அண்ணாச்சியைக் கேட்டேன்.

"கழிவு போகத்தான சொன்னேன் தம்பி. சாக்குக்கு ஒரு கிலோ, சேதாரத்துக்கு மூணு. எல்லா மூட்டைக்கும் அதைக் கழிச்சுத்தான் எடை சொல்லுவேன்."

"நான் மூட்டையா அண்ணாச்சி?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாய்ப் பழக்கம்லா. நீயும் கேக்கலியே."

கேட்கவில்லைதான்.

மறுமாதம் ஒழுங்காகக் குறைத்தேன், ஆபரேஷனும் நடந்தது. செல்வி இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். (குறட்டை இப்போது அவளுடையது.) ஒரு வருஷம் கழித்து அவளோடு போய் அதே தராசில் ஏறினேன். இம்முறை என்னாலேயே எட்டிப் பார்க்க முடிந்தது. தொண்ணூற்றிரண்டு.

"தொண்ணூத்திரெண்டு" என்றார் அண்ணாச்சி.

"கழிவு எடுக்கலியா?"

"எடுக்கதுக்கு இனி என்ன இருக்கு?"

செல்வி இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இன்றும் நான் ஒரு இட்லிதான் சாப்பிட்டேன் என்றால், "கழிவு போகவா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறாள்.