ஊக்கு குத்திய இடது செருப்பு

பையைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு செருப்பு விழுந்தது. ஒன்றே ஒன்று. இடது கால்.

பலகைக்காரர் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். வலது கால் விழவில்லை. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதாகச் சொல்லப்பட்ட கால் பலகையும் விழவில்லை.

"ஏங்க, இது நாம செஞ்சது இல்லையே" என்றாள் அவர் மனைவி.

"நான் எப்பம்மா செருப்பு செஞ்சேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

வாசலில் கூரியர் அக்கா ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். பலகைக்காரர் செருப்பை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, இதைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

"ஓடிபி சொல்லிட்டீங்கல்ல? சொன்னா வாங்கியாச்சுன்னு அர்த்தம். உள்ள யானை இருந்தாலும் இனிமே அது உங்க யானைதான்."

"யாரு வீட்டுலேருந்து வந்ததுன்னாவது சொல்லுங்களேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? கோடவுன்ல குடுத்தாங்க, கொண்டாந்தேன்." வண்டி புறப்பட்டுப் போய்விட்டது.

பலகைக்காரர் செய்வது கால் பலகை. உயரமான நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குக் கால் தரையில் எட்டாது. கால் தொங்கினால் நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்தும். சாயங்காலத்துக்குள் கால் மரத்துப்போகும். பாதத்துக்கு அடியில் சற்றே சாய்ந்த ஒரு பலகை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சாய்வு அதிகமானால் கால் வழுக்கும், குறைந்தால் கணுக்கால் வலிக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான சாய்வைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. வீட்டின் பின்கட்டில்தான் பட்டறை. செய்த பலகைகள் நாற்பது, கூடத்தில் சுவரோரமாக அடுக்கியிருந்தன.

விற்பதெல்லாம் அந்தப் பெரிய இணையச் சந்தையில். அங்கே ஒரு விதி உண்டு. விற்பவர் தவறு செய்தால் ஒரு கரும்புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள். அவருக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. மழையில் ஒரு நாள் தாமதமாகப் பொருள் கொடுத்ததற்காக விழுந்த புள்ளி.

"திருப்பி அனுப்பினதுக்கு என்ன காரணம் போட்டிருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டை அவர் படித்தார். "அளவு சரியில்லையாம்."

"கால் பலகைக்கு என்னங்க அளவு?"

"அதான் எனக்கும் விளங்கல."

அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். நீலச் செருப்பு, நல்ல நீளம். வாரில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கின் முனையில் விரல் நகம் அளவுக்குக் கிழிந்த காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வார் அறுந்து ஊக்கு போட்டிருக்காங்க போல. இல்லையே... வார் நல்லாத்தான் இருக்கு."

மச்சானுக்கு ஃபோன் போனது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அதனால் கைபேசிக்குள் நடக்கும் எல்லாமே தனக்குத் தெரியும் என்று நம்புகிறவன். அரை மணியில் வந்து சேர்ந்தான்.

"மாமா, இது சப்ப மேட்டர். புகார் குடுத்துடுவோம்."

"அந்த வாங்கினவங்களையே கூப்பிட்டுக் கேட்டா என்ன?"

"பேச முடியாது மாமா."

அது உண்மைதான். சந்தையில் விற்பவருக்கு வாங்குபவரின் பெயரோ எண்ணோ தெரியாது. ஒரு நீண்ட குறியீடு மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் அடுத்த முறை சந்தையை விட்டுவிட்டு நேரடியாகவே கொடுத்து வாங்கிக்கொள்வார்களே, அந்தப் பயம். சந்தையின் கோடவுனில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். திரும்பி வரும் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே கடிதமோ சீட்டோ ஃபோன் நம்பரோ இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் அவர்கள் வேலை. பொட்டலத்தில் இருப்பது சரியான பொருளா என்று பார்ப்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

மச்சான் புகார்ப் படிவத்தைத் திறந்தான். பலகைக்குப் பதில் செருப்பு வந்தது என்று எழுத அதில் இடமில்லை. நான்கு காரணங்கள்தான் இருந்தன: உடைந்தது, நனைந்தது, நிறம் வேறு, பொருள் மாறிவிட்டது.

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குமேடா?"

"அது வாங்கறவங்களுக்கு மட்டும் மாமா. விக்கறவங்களுக்கு மத்தது எதுவும் நடக்காதுன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை." அவன் 'பொருள் மாறிவிட்டது' என்பதைத் தொட்டான்.

உடனே பதில் வந்தது. "தவறான பொருளை அனுப்பியதை நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி. உங்களுக்கு ஒரு கரும்புள்ளி சேர்க்கப்பட்டுள்ளது."

"ரெண்டாச்சு" என்றாள் மனைவி.

"அக்கா, பயப்படாத. மேல்முறையீடு இருக்கு."

மேல்முறையீட்டுக்குப் படம் வேண்டும். வெள்ளைப் பின்னணி, நான்கு பக்கம், நல்ல வெளிச்சம் என்று நிபந்தனை. பலகைக்காரர் எதையும் ஏனோதானோவென்று செய்யாதவர். ஜன்னலோரம் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்தார். செருப்பை ஈரத்துணியால் துடைத்தார். நிழல் விழாமல் இருக்க, மனைவியை ஓர் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கச் சொன்னார்.

"என்னைக் கல்யாணத்துல கூட இவ்வளவு பொறுமையா நீங்க பார்க்கல."

"ஆடாதம்மா, வெளிச்சம் ஆடுது."

படம் அற்புதமாக வந்தது. அதில்தான் வினை.

சந்தையில் எந்தப் பொருளுக்கு எந்தப் படத்தை முன்னால் காட்டுவது என்பதை மனிதர்கள் முடிவு செய்வதில்லை. ஓர் இயந்திரம் முடிவு செய்கிறது. அந்தக் கடையின் பெயரில் வந்திருக்கும் படங்களிலேயே எது புதியது, எது தெளிவானது என்று பார்த்து அதை மேலே தூக்கி வைக்கும். மறுநாள் காலை அவர் கடையைத் திறந்து பார்த்தபோது, 'இரண்டு பாதங்களையும் இதமாகத் தாங்கும், உறுதியான மரம், பத்தாண்டு உழைக்கும்' என்ற வரிகளுக்கு மேலே ஒற்றை நீலச் செருப்பு பளபளத்தது.

மச்சான் உதவிப் பக்கத்துக்குப் போனான். அங்கே 'உதவித் தோழி' என்று ஒருத்தி. ஆள் இல்லை, அதுவும் இயந்திரம்தான்.

"படத்தை மாற்ற வேண்டும்" என்று தட்டினான்.

"வாழ்த்துகள்! உங்கள் புதிய படத்தை நேற்றைவிட ஒன்பது மடங்கு பேர் பார்த்திருக்கிறார்கள். சிறப்பாகச் செயல்படும் படத்தைப் பதினான்கு நாட்களுக்கு மாற்ற இயலாது."

"இது எங்கள் பொருள் இல்லை."

"உங்களுடையது அல்லாத பொருளை விற்பது குற்றம். புகார் பதிவு செய்யவா?"

"வேணாம் வேணாம் வேணாம்!" என்று பலகைக்காரர் கைபேசியைப் பார்த்துக் கத்தினார். மச்சான் அவசரமாக அதை அணைத்தான்.

"அது காது கேக்காது மாமா."

"உனக்காவது கேக்குதா? இனிமே நீ எதையும் தொடாத."

செருப்பைத் தூக்கி எறியவும் முடியாது. மேல்முறையீடு முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம். அதனால் அது ஒரு பாலித்தீன் உறைக்குள் ஃப்ரிட்ஜின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் மனைவி அதை ஒரு முறை முறைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கைபேசி மணியடித்தது. ஓர் ஆர்டர். மறுநாள் காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ரத்து செய்தால் ஒரு கரும்புள்ளி.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"பலகையை அனுப்பினா, படத்துல செருப்பு இருந்துச்சேம்பாங்க" என்றார் பலகைக்காரர்.

"செருப்பை அனுப்பினா, விவரத்துல பலகைன்னு இருக்கேம்பாங்க" என்றான் மச்சான்.

"அனுப்பலன்னா?"

"மூணாவது புள்ளி."

பலகைக்காரர் சுவரோரம் இருந்த நாற்பது பலகைகளைப் பார்த்தார். கடையை மூடிவிட்டால் இவற்றைத் தெருவில் கூவியா விற்பது? கூவினால் யார் வாங்குவார்கள்? வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கால் தரையில்தானே இருக்கிறது!

"ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க" என்றாள் மனைவி.

"எதை?"

"பலகை மேல செருப்பை வச்சு அனுப்புங்க. படமும் பொய் இல்ல, விவரமும் பொய் இல்ல."



"அக்கா, நீ வக்கீலா ஆகியிருக்கணும்."

"உன்னை மாதிரி ஒருத்தன் வீட்டுல இருந்தா யாரும் ஆகலாம்."

பலகைக்காரர் எழுந்து ஒரு பலகையை எடுத்து, உறையைப் பிரித்துச் செருப்பை அதன்மேல் வைத்தார். குதிகால் பக்கம் மூன்று விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முகத்தைச் சுளித்தார். தள்ளி வைத்தால் முன்பக்கம் நீட்டியது.

"பரவால்ல மாமா, கயிறு போட்டுக் கட்டிடலாம்."

"கட்டறதா? இப்படித் துருத்திக்கிட்டு நிக்கற ஒண்ணு என் பட்டறையிலேருந்து வெளிய போகவா? பார்க்கறவன் என்ன நினைப்பான்?"

"பார்க்கறவன் முதல்ல ஒத்தச் செருப்பு ஏன்னுதான் நினைப்பான்."

அவர் காதில் அது விழவில்லை. பின்கட்டில் ரம்பம் ஓட ஆரம்பித்திருந்தது. புதிய மரத்தை நீளமாக அறுத்தார். நீளம் கூடினால் எடை முன்னால் சாயும், அதனால் அடிக்கட்டைகளைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பொருத்தினார். செருப்பைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குள் உளியால் மெல்ல ஒரு பள்ளம் எடுத்தார். ஒரு பாதத்துக்கு மட்டும் பள்ளம் இருந்தால் பலகை ஒற்றைக் கண் சிமிட்டுவதுபோல் இருந்தது. காகிதத்தில் செருப்பை வரைந்து வெட்டி, புரட்டிப் போட்டு, வலது பாதத்துக்கும் ஒரு பள்ளம் எடுத்தார். உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

இடது பள்ளத்தில் செருப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. கவிழ்த்தாலும் விழவில்லை.

"ஊக்கைக் கழட்டிடவா?" என்று மனைவி கேட்டாள்.

"படத்துல ஊக்கு இருக்கும்மா. இருக்கட்டும்."

காலையில் கூரியர் அக்கா வந்து பொட்டலத்தை எடுத்துப் போனாள். அதன்பின் வீட்டில் யார் கைபேசி ஒலித்தாலும் மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். மச்சான் தன் கடையை விட்டுவிட்டு இங்கேயே பழியாகக் கிடந்தான். பதினோராம் நாள் வாசலில் வண்டிச் சத்தம். கூரியர் அக்கா. கையில் ஒரு பை.

"ரிட்டர்ன் வந்திருக்குண்ணே."

"போச்சு" என்று மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பலகைக்காரர் ஓடிபி சொன்னார். சீட்டைப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் 'மற்றவை' என்று இருந்தது. மச்சான் எட்டிப் பார்த்து மூச்சு விட்டான்.

"மாமா, பொழச்சோம்! 'மற்றவை'க்குப் புள்ளி கிடையாது. அது என்னன்னு மெஷினுக்கே தெரியாது."

பையைப் பிரித்தார்கள். செருப்பு இல்லை. பள்ளம் எடுத்த புதுப் பலகையும் இல்லை. அவருடைய பழைய மாதிரிக் கால் பலகை ஒன்று இருந்தது. கொஞ்சம் உபயோகித்தது. கவிழ்த்துப் பார்த்தார். அவர் ஒவ்வொரு பலகைக்கும் அடியில் எண் பொறித்து, எது எந்த ஆர்டருக்குப் போனது என்று நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். நூற்றுப் பதினேழு.

"இது முதல்ல செருப்பா திரும்பி வந்துச்சே, அந்தப் பலகை!" என்றார்.

"அப்ப இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?" என்றாள் மனைவி.

மச்சான் கைபேசியை எடுத்து, எதைத் தொடுவதென்று தெரியாமல் மறுபடி சட்டைப்பைக்குள் போட்டான்.

"அது பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுதான். போன வாரம் நானே போய் எடுத்த பை. கோடவுனுக்குப் போய் ஊரெல்லாம் சுத்திட்டு இன்னிக்கு என் கைக்கே வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே கூரியர் அக்கா வண்டியில் ஏறினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள்.

"அட, மறந்தே போயிட்டேன்! அங்க ஒரு டெய்லரம்மா இருக்காங்க, சீட்டு எழுதி ஊக்கு குத்தினா கோடவுன்ல கிழிச்சுடறாங்களாம், அதனால வாயால சொல்லச் சொன்னாங்க: 'கடைப் படத்துல என் செருப்பைப் பார்த்துட்டுத்தான் மறுபடி ஆர்டர் போட்டேன்; அளவுக்குக் குடுத்துவிட்ட செருப்பைப் பார்த்து அச்சு அசலா பலகை செஞ்சதோட, அளவுச் செருப்பையும் மறக்காம திருப்பி அனுப்பியிருக்காங்களே, அவங்கதான் தொழில்காரங்க; எங்க கடையில அளவு ப்ளவுஸைத் திருப்பிக் குடுத்ததா சரித்திரமே இல்ல!'"