நூறு அடி தள்ளி எடுக்கும் லென்ஸ்

இந்த வருடம் நான் சிராப் சர்பத் கலக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

சாதாரண முடிவில்லை இது. பதினான்கு வருடமாகக் கெலாடித் தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதி அன்று நான் தண்ணீர்ப் பந்தலில்தான் நிற்கிறேன். தோட்டத்தில் இப்போது தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, ரப்பர் பால்மரமும் இல்லை. எல்லாம் செம்பனை. சனமெல்லாம் சிரம்பானுக்கும் மம்பாவுக்கும் குடி வந்தாயிற்று. ஆனால் திருவிழா என்றால் அத்தனை பேரும் அவரவர் காடியை ஓட்டிக்கொண்டு அங்கே போய்விடுவோம். கோவில் தலைவர் இராஜமாணிக்கம், என் மனைவி ரதியின் அண்ணன். பெண் கொடுத்த வீட்டுக்காரர், எனக்கு மரியாதை செய்ய வேண்டியவர். செய்வார். ஒரு நீல டிரம்மும் நீளப் பிடி வைத்த ஓர் அகப்பையும் கொடுப்பார்.

"மாப்ள, பந்தல பாத்துக்குங்க. உங்க கை பட்டாதான் சிராப்பு சிராப்பா இருக்கு" என்பார்.

பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தீமிதியைப் பார்த்ததில்லை. சாமி பூக்குழியில் இறங்கும் நேரத்தில் என் முன்னால் ஐந்நூறு பேர் கிளாஸை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ரோஜா நிறச் சிராப் என் வேட்டியில் தெறித்து, வீட்டுக்குத் திரும்பும்போது ஏதோ அடிதடியில் மாட்டியவன் போல இருப்பேன்.

போன வருடம் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். கழுத்தில் கேமரா. கேமராவில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். அதைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகியது. என் மச்சான் ஓடிப்போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி, கையில் இளநீர். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அங்கே மரியாதை ஆளுக்கு இல்லை, லென்ஸின் நீளத்துக்கு.

கேமரா சுலபமாகக் கிடைத்தது. என்னோடு ஸ்டோரில் வேலை செய்யும் தேவன் தன்னுடைய பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆரை என் தலையில் கட்டினான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் லென்ஸ் இல்லை. கேமராவின் நடுவில் பெரிய ஓட்டை.

"என்னாங்க இது, பல்செட்டு கழட்டுன வாய் மாரி இருக்கு?" என்றாள் ரதி.

"இது பாடி மட்டும். லென்சு தனியா வாங்கணும்."

"பாடி மட்டுமா? அப்ப செத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

ரதிக்கு அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அளவுக்கு மேல் ஒரு மாத்திரை தரமாட்டாள். எனக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு லென்சு. ஒன்னே ஒன்னு. அலமாரில கண்ணாடிக் கட வெக்கிற வேலயெல்லாம் வேணாம்."

மூன்று வாரம் யூடியூப்பில் படித்தேன். பதினெட்டு-ஐம்பத்தைந்து என்று ஒரு லென்ஸ், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. ஐம்பது என்று இன்னொன்று. முகம் எடுக்க நன்றாக இருக்கும். எழுபது-முந்நூறு என்று ஒன்று; தூரத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு வரும். வெளிச்சம் நுழைகிற ஓட்டைக்கும் எண் இருக்கிறது. எண் சின்னதானால் ஓட்டை பெரிசு. எண் பெரிசானால் ஓட்டை சின்னது. இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் மனைவிதான் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

யூடியூப்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். 'முதல் லென்ஸ் சின்னதாக வாங்கு. கிட்டப் போய் எடுத்துப் பழகு.' அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்களுக்கு என் மச்சானைத் தெரியாது. உள்ளங்கை அளவு லென்ஸோடு போய் நின்றால் அந்த மனுசன் கயிற்றைத் தூக்குவாரா, அகப்பையைத் தூக்குவாரா?

சிரம்பானில் ஒரு சீனர் கடை. கடைக்காரர் சின்னதையும் பெரிசையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரதி சின்னதைத்தான் எடுத்தாள்.

"இது நல்லாருக்குலா. கைக்கு அடக்கமா இருக்கு. கிட்ட போயி எடுத்துக்கலாம்."

உண்மையான காரணத்தைச் சொல்ல முடியுமா? நாற்காலிக்கும் இளநீருக்கும் ஆசைப்பட்டு லென்ஸ் வாங்குகிறேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொண்ட கணவன் உண்டா? வேறு காரணம் சொன்னேன்.

"கிட்ட போவக்கூடாது ரதி. அதான் விசயமே. வெரதம் இருந்து வர்றவங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டலாமா? பாவம் இல்ல?"

"ஓ."

"பொக வேற. சூடு வேற. லென்சு என்னாத்துக்கு ஆவும்?"

"ஓகோ."

"இந்தப் பெரிசு இருந்தா நூறு அடி தள்ளி நின்னே எடுக்கலாம். ஆளோட கண்ணுமுழி தெரியும்."

"நூறு அடியா!" ரதியின் கண்கள் விரிந்தன. வியந்துபோனாள் என்று நினைத்தேன். "இருந்தாலும் சின்னதே போதும்னுதாங்க எனக்குத் தோணுது."

அவ்வளவுதான். அவள் சின்னது என்று இரண்டாவது தடவை சொன்னதும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. "பெரிசுதான்" என்றேன். மேசையைத் தட்டினேன்கூட.

ரதி பெருமூச்சு விட்டாள். பிறகு கடைக்காரரிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்தப் பெரிசை வைத்துக்கொண்டு எவ்வளவு கிட்டப் போகலாம்? ஐந்து அடிக்குள் போனால் ஒன்றும் தெளிவாக விழாது, கூட்டத்துக்குள் நின்றால் ஆளுக்குப் பதில் மூக்குதான் கிடைக்கும் என்றார் அவர். என் காதிலும் விழுந்தது. ஆனால் நான் அப்போது லென்ஸை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரதி அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, இவரு லென்சு வாங்கிட்டாரு. என்னமோ நூறு அடிங்கிறாரு. எனக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்களே கேளுங்க."

"என்னா மாப்ள, நெசமாவா?"

"நூறு என்னா மச்சான், நூத்தம்பதுகூடத் தாங்கும்!"

"அப்ப குழிக்குக் கிட்ட வர வேணாமா?"

"அவசியமே இல்ல. அதுக்காக நீங்க எங்க நிக்கச் சொன்னாலும் மாட்டேன்னா சொல்லப் போறேன்?" நாற்காலியை நினைத்துக்கொண்டு அடக்கமாகச் சொன்னேன்.

"அப்ப இந்த வருசம் கோயில் போட்டோகிராபர் நீங்கதான் மாப்ள! எடம் நான் ஒதுக்கி வெக்கிறேன்."

"பந்தலுக்கு வேற ஆளு..."

"அதப் பத்தி நீங்க ஏன் கவலப்படுறிங்க? அதெல்லாம் ரதி பாத்துக்கும்."

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். பதினான்கு வருட அடிமைத்தனம் ஒழிந்தது.

திருவிழா நாள். பன்னிரண்டு பாக்கெட் வைத்த கையில்லாத சட்டை ஒன்று வாங்கியிருந்தேன். "மீன் புடிக்கவா போறிங்க?" என்று ரதி கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை. காடியிலிருந்து இறங்கி லென்ஸை வெளியே எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கூட்டம் விலகியது. மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மச்சான் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள. உங்களுக்குனே எடம் போட்டு வெச்சிருக்கு."

நடந்தோம். கயிறு வந்தது. குனியத் தயாரானேன். கயிற்றைத் தாண்டிப் போனோம், பக்கவாட்டில். பெரியவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளைத் தாண்டினோம். செருப்புக் குவியலைத் தாண்டினோம். எதிரே ஒரு புதிய மரப்பலகை மேடை. மேடைக்கு முன்னால் நீல டிரம். டிரம்முக்குள் அகப்பை.

"மச்சான், இது பந்தலாச்சே?"

"ஆமா மாப்ள. இங்கருந்து குழி நேரா தெரியும். நேத்துக் கயிறு போட்டு அளந்துட்டோம். சரியா நூறு அடி! நீங்க ஒசரமா நிக்கணும்னு பலக அடிக்கச் சொன்னதே ரதிதான்."

"கிட்டக்க ஒரு ரெண்டு போட்டோ மட்டும் எடுத்துட்டு..."

"கிட்ட போனா அந்த லென்சுல மூக்குதான் விழுமாமே? ரதி சொன்னிச்சு."

நான் விடுவேனா? அவர் தலை மறைந்ததும் நழுவிப் போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கேமராவை உயர்த்தினேன். பெரிதாக ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கில் ஒரு மூக்குத்தி. எனக்குப் பழக்கமான மூக்குத்தி. கேமராவை இறக்கினேன். கயிற்றுக்கு உள்ளே, மஞ்சள் சேலையில், கையில் போனோடு ரதி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் இளநீர்.

"என் போனுக்குக் கிட்ட நின்னாதாங்க நல்லா விழும்" என்றாள். "போங்க, அங்க சனம் தாகத்துல நிக்குது."

வலது கையில் அகப்பை, இடது கையில் கேமரா. அந்த லென்ஸை ஒரு கையால் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். சாமி குழியில் இறங்கியபோது ஒரு பெரியம்மா, "தம்பி, எனக்கு ஐஸு கொறச்சலா" என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். முந்நூற்றுப் பத்தில் பின்மண்டைகள். மீதி இரண்டில் சிராப்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ரதி எடுத்த படங்கள் கோவில் வாட்சப்பில் வந்து, ஊரே பாராட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளே எரிந்தது. வீட்டு வாசலில் கேட்டேவிட்டேன்.

"நீதானே சின்னத வாங்கச் சொன்ன? பெரிசுதான் சரின்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

"எனக்குப் பெரிசுதாங்க வேணும். அண்ணன் ரெண்டு மாசமா, உங்கள விட்டா பந்தலுக்கு ஆளில்லன்னு அழுதுச்சு."

"அப்ப ஏன் சின்னதுன்னு சொன்ன? ரெண்டு தடவ சொன்ன!"

"பெரிசுன்னு சொல்லியிருந்தா நீங்க சின்னதத்தானே வாங்கியிருப்பிங்க? இருவத்தாறு வருசமா பாக்குறேன்."

அவமானமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே ரிப்பன்கூடக் கட்டியிருந்தாள்.

"கோவப்படாதீங்க. உங்களுக்குத்தான். ஒத்தக் கையில தூக்கிக்கிட்டு நின்னது எனக்கே கஷ்டமா போச்சு."

பிரித்தேன். மூன்று கால் ஸ்டாண்ட். கறுப்பாக, கனமாக, நல்ல சாமான். என் கண் கலங்கிவிட்டது. எத்தனை கோபம் இருந்தாலும் என் கஷ்டம் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று நெகிழ்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேமராவ இதுல மாட்டிட்டிங்கன்னா அடுத்த வருசம் ரெண்டு கையும் சும்மாதானே இருக்கும்" என்றாள் ரதி. "மோருக்கும் ஆளு இல்லையாம்."